எழுதாமல் விட்ட நூற்றுப் பதினொரு நிமிடங்கள்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஸ்நேகா என்ற பெண் போனில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இதற்குள் அங்கிருந்து எனக்கு வந்த அழைப்புகள் மொத்தம் மூன்று. முதலாவது, ஓர் அலமாரியின் சாவி எங்கே என்று கேட்டு. இரண்டாவதும் அதே சாவிதான். மூன்றாவது இது. செம்பூரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் பதினொரு நாளாகப் படுத்துக் கிடக்கிறது. எழுபத்திரண்டு படி ஏறி வந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

விஷயம் இதுதான். மும்பையின் ஒரு குடும்ப நீதிமன்றத்தில் குழந்தைகள் அறை என்று ஒன்று உண்டு. எந்த நீதிமன்றம் என்பதை விட்டுவிடுகிறேன். பென்ஷன் வாங்குகிறவனுக்கு அவ்வளவு வீரம் போதும். கணவனும் மனைவியும் பிரிந்து வழக்கு நடக்கும்போது, பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் நீதிபதி குறித்த நாளில் அந்த அறைக்கு வந்து, ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். பெரும்பாலும் அவர் அப்பாவாகத்தான் இருப்பார். அந்த அறைக்கு நான் பத்தொன்பது வருடம் பொறுப்பாளன். மேஜை ஒன்று, ரிஜிஸ்டர் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, பொம்மைக் கார் பதினான்கு. அவற்றில் சக்கரம் உள்ளவை ஒன்பது.

இப்போது ரிஜிஸ்டரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். அப்பாக்கள் பாதிப் பேர் இனி வீடியோ காலிலேயே பிள்ளையைப் பார்க்கலாமாம். பஸ் செலவு மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஸ்நேகாவுக்குப் புது ஃபார்ம் தயாரிக்கும் வேலை.

"சார், பழைய ரிஜிஸ்டர்ல ஏழு கட்டம் இருக்கு. எதை வெச்சுக்கலாம், எதை எடுக்கலாம்? நீங்க சொன்னா சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள். அவள் மராத்திப் பெண்; எங்கள் பேச்சு இந்தியில் நடந்தது. பிறகு கொஞ்சம் தயங்கி, "இன்னொண்ணு சார். நீங்க ஒவ்வொரு சந்திப்புக்கும் அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு கேஸ்ல மட்டும் ஒன்பது தடவை வெறும் ஓகே, ஓகேன்னு இருக்கு. அப்போ உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். பி.காம். படித்து, பரீட்சை எழுதி, நீதிமன்ற நகல் பிரிவில் பதினான்கு வருடம் பிறர் எழுதியதைச் சரிபார்த்தேன். பிறகு குழந்தைகள் அறைக்கு அனுப்பினார்கள். காரணம் என் திறமை இல்லை. அறையில் பேசப்படுவது பொறுப்பாளருக்குப் புரிய வேண்டும் என்பது விதி. தாராவியிலிருந்தும் லேபர் கேம்ப்பிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து தமிழில் சண்டை போட்டன. தமிழ் தெரிந்த குமாஸ்தா நான் ஒருவன்தான் இருந்தேன்.

அங்கே என்னை உருவாக்கியவர் மூத்த ஆலோசகர் ஆப்டே மேடம். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. திட்ட வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றுவார். அவ்வளவுதான், எதிரில் இருப்பவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ரிஜிஸ்டரைத் தன் மேஜைக்கு வரவழைத்து, பச்சை மசிப் பேனாவோடு வரி வரியாகப் படிப்பார். முதல் வாரம் நான் ஏழாவது கட்டமான குறிப்புக் கட்டத்தில், 'குழந்தை மகிழ்ச்சியாக இருந்தது' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைச் சுற்றிப் பச்சை வட்டம் விழுந்தது.

"மகிழ்ச்சி என்று யார் சொன்னது? குழந்தை சர்ட்டிபிகேட் கொடுத்ததா?"

"சிரித்தது மேடம்."

"எத்தனை முறை?"

நான் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தேன். எண் அதில் இல்லை.

"அதை எழுதுங்கள். நீங்கள் பார்த்ததும் கேட்டதும் எனக்கு வேண்டும். நினைத்தது வேண்டாம். நினைப்பதற்கு நீதிபதிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்."

இப்படி ஒரு மேலதிகாரி கிடைப்பதற்கு நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சிறுவயதிலிருந்தே படியையும் தூணையும் எண்ணுகிறவன் என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். கேலி செய்யப்பட்ட அதே குணத்துக்கு அரசாங்கம் மேஜை நாற்காலி போட்டுக் கொடுத்தது. பேச்சு, சாப்பாடு, அழுகை என்ற மூன்று தலைப்பில் மேடம் ஒரு முறை வகுத்தார். குழந்தை அப்பாவிடம் பேசிய சொற்கள் இத்தனை. பிஸ்கட் இத்தனை, அதில் பாதி கடித்தவை இத்தனை. அழுகை இத்தனை நிமிடம். ஒருமுறை, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றும் எழுதி வைத்தேன். அடித்துவிட்டார். "நாற்காலியா தரையா என்பது தச்சருக்குத் தேவை. நீதிபதிக்கு எதற்கு?"

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொல்லி ஏற்கவைத்தேன். அப்பா வெளியேறி நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்ட பிறகு, அந்த நாளின் குறிப்பில் யாரும் எதையும் சேர்க்கக் கூடாது, திருத்தக் கூடாது. இல்லாவிட்டால் வக்கீல்கள் கெஞ்சியே ரிஜிஸ்டரைக் கிறுக்கலாக்கிவிடுவார்கள். இந்த விதியைப் பாராட்டி மேடம் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாங்கிக் கொடுத்த ஒரே டீ அது.

என்னோடு முறை வைத்து அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் கதம். அவர் எந்தச் சந்திப்பாக இருந்தாலும் குறிப்புக் கட்டத்தில் 'ஓகே' என்று எழுதுவார். பிள்ளை விழுந்து மண்டை வீங்கிய நாளிலும் ஓகே. மேடம் கண்ணாடியைக் கழற்றினால், "கை வலி மேடம்" என்பார். பத்து வருடமாக ஒரே கை. அவரை நான் மனிதராகவே மதித்ததில்லை.

என் எண்ணிக்கையால் நன்மையே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் அப்பா ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு முறை தன் மகனிடம், அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், எந்த வழியாகப் போகிறாள் என்று கேட்டார். இருபத்தேழும் ரிஜிஸ்டரில் ஏறின. அந்தப் பெண்ணுக்குப் போலீஸ் பாதுகாப்பு கிடைத்தது. ஓகே என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. வாசலில் தந்தையர் உரிமைக்காக ஒரு சங்கம் சனிக்கிழமைதோறும் பலகை பிடித்து நிற்கும். அதன் தலைவர் பெயரும் என் ரிஜிஸ்டரில் இருந்தது. எட்டு சந்திப்பில் ஐந்துக்கு 'வரவில்லை'. கீழே உரிமைக்குப் போராடிய களைப்பில் மேலே வர முடியவில்லை போலும். மொத்தம் இருபத்திரண்டு படி.

இசக்கிமுத்து அந்தச் சங்கத்தில் இல்லை. அவன் தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பட்டறையில் தோல் வெட்டுகிறவன். மனைவி செல்வி, ஐந்து வயது மகள் பவித்ராவோடு முலுண்டில் தன் அண்ணன் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டாள். ஏன் பிரிந்தார்கள் என்பது ஃபைலில் அறுபத்து நான்கு பக்கம். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மையாக இருந்தாலே இரண்டு பேரும் பாவம். செல்வியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. முதல் சனி, மூன்றாவது சனி, சரியாகப் பதினொரு மணிக்குப் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். இசக்கி பத்தரைக்கே வந்து பெஞ்சில் இருப்பான்.

அறைக்குள் கத்தி, ஊசி, கத்தரி அனுமதி இல்லை. கொண்டு வரும் பொருளை எண்ணி ஒரு சீட்டில் எழுதி, போகும்போது மறுபடி எண்ண வேண்டும். இசக்கி பட்டறையிலேயே துளை போட்ட தோல் துண்டுகளும், கோப்பதற்குத் தோல் நாடாவும் கொண்டு வருவான். அப்பாவும் மகளும் துளைக்குள் நாடாவை விட்டு இழுத்துக் கோத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு தலை, நான்கு கை, ஒரு சத்தம் இல்லை. பிள்ளை பேசவே பேசாது. முதல் நாள் மூன்று சொல்: தண்ணி, போதும், டாய்லெட். பிறகு பூஜ்யம். பிறகு இரண்டு. பூஜ்யம். பூஜ்யம். ஆறாவது நாள் ஒன்று. ஆறு மணி நேரத்தில் ஆறு சொல். ஒன்று விடாமல் எழுதினேன். மேடம் ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

இன்னொன்றையும் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பவித்ரா அப்பா மடியில் உட்கார்ந்திருந்த நிமிடங்கள். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் ஐந்து. பிறகு பன்னிரண்டு, இருபது, முப்பத்து மூன்று. ஆறாவது நாள் நாற்பத்தொன்று. கூட்டினால் நூற்றுப் பதினொன்று. சொற்கள் தேய்ந்துகொண்டிருந்தன, நிமிடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஆனால் மடி என்பதும் நாற்காலி வகையறாதானே. தச்சருக்குத்தான் தேவை.

அந்த ஆறாவது நாள் இசக்கி கையெழுத்திட்டுப் போன பிறகு செல்வி வர நேரமாயிற்று. கீழே நகல் பிரிவில் வரிசையாம். பிள்ளை பதினேழு நிமிடம் என் மேஜையருகே நின்றது. எனக்கு ஒரு குறுகுறுப்பு.

"ஏம்மா, அப்பாகிட்ட ஒண்ணுமே பேச மாட்டேங்கிற?"

"பேசுனா வீட்ல மாமா கேப்பாங்க. என்ன கேட்டாரு, நீ என்ன சொன்னன்னு. பேசலன்னா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லல்ல."

ஐந்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்த வழி. நீதிமன்றத்தில் இத்தனை வக்கீல்கள் இருந்தும் ஒருவருக்கும் தோன்றாதது. அப்படியே இருந்துவிட்டிருக்கலாம். நான் சும்மா இருக்காமல், "இங்கதான் மாமா இல்லையே" என்றேன்.

பிள்ளை என் பேனாவைப் பார்த்தது. "நீங்க எழுதுறீங்கல்ல அங்கிள்" என்றது.

நேரம் குறித்துக் கையெழுத்து ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எதையும் சேர்க்கக் கூடாது. விதி போட்டவனுக்கு இது தெரியாதா. ரிஜிஸ்டரை மூடி அலமாரியில் வைத்தேன்.

செல்வி நகல் பிரிவில் நின்றது என் குறிப்புகளின் நகலுக்காகத்தான் என்பது அடுத்த தாரீக்கில், அதாவது வழக்கின் அடுத்த விசாரணை நாளில், தெரிந்தது. அவள் வக்கீல் அதை நீதிபதி முன் படித்தார். மூன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், ஒன்று. நல்ல குரல் அவருக்கு. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் நிறுத்தினார். தந்தையிடம் குழந்தைக்கு ஒட்டுதல் இல்லை, இந்தச் சந்திப்பு குழந்தைக்குச் சித்திரவதை என்றார். ஆதாரம், நீதிமன்றத்தின் சொந்த ரிஜிஸ்டர். அதன் துல்லியத்தை எதிர்த்தரப்பே மறுக்கவில்லை. மூன்று மாதம் சந்திப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மூன்று மாதம் தாரீக் தாரீக்காகத் தள்ளிப் போய்ப் பதினான்கு மாதமாயிற்று. என் எழுத்தைப் பொதுவில் அவ்வளவு மரியாதையாக வாசித்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த சனிக்கிழமை இசக்கி வழக்கம்போலப் பத்தரைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு இல்லப்பா. நிறுத்தியாச்சே" என்றேன்.

"தெரியும் சார். சனிக்கெழமன்னா காலு இங்கதான் வருது." தோல் துண்டுப் பையை மடியில் வைத்திருந்தான். "நீங்க எழுதுனது ஒண்ணும் பொய் கெடையாது சார். அவ பேசல. ஆனா மடியில இருந்தாள்லா? அத எழுதலியே."

"அதுக்குக் கட்டம் இல்ல."

"எண்ணவும் இல்லியோ?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். எனக்கு எண்களில் பொய் சொல்ல வராது.

"எண்ணினேன். ஆறு தடவைக்கும் சேத்து நூத்திப் பதினொரு நிமிஷம்."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"எனக்கு நூத்தி இருவது இருக்கும்னு தோணுச்சு" என்றான். பிறகு, "உங்க கடிகாரம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, துண்டுப் பையைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

என்னைத் திட்டியிருந்தால் இதற்குள் மறந்திருப்பேன்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மடியையும், மாமாவையும், பேனாவையும். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "ரிஜிஸ்டரில் சேர்க்க முடியாது. உங்கள் விதி" என்றார். "கோர்ட் சாட்சியாகக் கூப்பிட்டால் போய்ச் சொல்லுங்கள்." இசக்கியின் இலவச சட்ட உதவி வக்கீலைப் படிக்கட்டில் மடக்கிச் சொன்னேன். எழுதாத குறிப்பை வைத்து என்ன செய்ய, குமாஸ்தாவின் ஞாபகம் ஆதாரமாகுமா என்று கேட்டுவிட்டு ஓடினார். அவருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு கேஸ். ஆனாலும் மூன்று தாரீக்குக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

பதினான்கு மாதம் கழித்து, பழைய நீதிபதி மாற்றலாகி, புதியவர் வந்து ஃபைலைப் புரட்டி, சோதனையாக ஒருமுறை பார்க்கட்டும், அறிக்கையைப் பொறுத்து மேற்கொண்டு முடிவு என்று உத்தரவு போட்டார். அறிக்கை என்றால் என் குறிப்பு.

பவித்ரா வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டும் புதிது. இந்தியில்தான் பேசினாள். அறை வாசலிலேயே நின்று, "மம்மி கே பாஸ் ஜானா ஹை" என்றாள். அம்மாவிடம் போக வேண்டுமாம். ஒன்பது முறை சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் அழுதாள். பிஸ்கட் தொடவில்லை. மடி, பூஜ்யம். அப்பாவிடம் ஒரு சொல் இல்லை. மேடம் வகுத்த மூன்று தலைப்பிலும் இதைவிட மோசமான ஒரு மணி நேரத்தை நான் கண்டதில்லை.

இசக்கி அவளைக் கூப்பிடவில்லை. தரையில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பையைத் திறந்து, துண்டுகளை வரிசையாக அடுக்கினான். ஒன்றை எடுத்து நாடாவைக் கோக்க ஆரம்பித்தான். துளை இரண்டு தரம் தவறியது. பவித்ரா கொஞ்சம் கொஞ்சமாக அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை என்றால், என் கையை. நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். ரிஜிஸ்டரையும் மூடினேன். பணி நேரத்தில் ரிஜிஸ்டரை மூடியது அதுவே முதல் தடவை. பிறகு சக்கரம் இல்லாத ஐந்து கார்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு இசக்கி எழுந்தான். பொருள் சீட்டை எடுத்துத் துண்டுகளை எண்ணினேன். கொண்டு வந்தது எட்டு. பையில் இருந்தது ஏழு. மேஜைக்கு அடியில் இல்லை, பாயில் இல்லை. பவித்ரா வாசலில் நின்றிருந்தாள். வலது கை ஃப்ராக் பாக்கெட்டுக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

"ஏழுதான் இருக்கு" என்றேன் இசக்கியிடம்.

"சரியாப் பாருங்க சார். ஏழுதான் கொண்டாந்திருப்பேன்" என்றான். அவனும் அந்தக் கையைப் பார்த்திருந்தான்.

ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஆறு கட்டங்களை நிரப்பினேன். ஏழாவது கட்டத்துக்கு வந்தபோது எல்லா எண்களும் வரிசையில் நின்றன. ஒன்பது, பன்னிரண்டு, பூஜ்யம், பூஜ்யம். ஒவ்வொன்றும் உண்மை. இவற்றை எழுதினால் இனி இசக்கிக்குச் சனிக்கிழமை கிடையாது.

'ஓகே' என்று எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்கு மேடம் அந்த வரிக்கு வந்து நின்றார். பச்சைப் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"உங்களுக்கும் கை வலிக்க ஆரம்பித்துவிட்டதா?"

"ஆமாம் மேடம்."

பொருள் சீட்டை எடுத்துப் பார்த்தார். "எட்டு. ஏழு."

"சின்னத் துண்டு மேடம்."

கண்ணாடியைக் கழற்றினார். நான் தயாரானேன். அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

சந்திப்புகள் தொடர்ந்தன. நான் ஓய்வு பெறும்வரை மொத்தம் ஒன்பது. நான்காவதில் அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏழாவதில் பேசினாள். என் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பேசினாள். எத்தனை சொல் என்று எனக்குத் தெரியும். என்ன சொல் என்றும் தெரியும். மாமாவுக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

கதமைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஓகே சோம்பலில் எழுதியது. அவர் கட்டத்தில் அந்த இருபத்தேழு கேள்வியும் காணாமல் போயிருக்கும். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ரிஜிஸ்டரில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை.

நேற்று நானே ஸ்நேகாவைக் கூப்பிட்டேன். ஏழு கட்டமும் இருக்கட்டும், திருத்தம் எழுத எட்டாவதாக ஒன்று சேர், அதற்குக் கடைசித் தேதி வைக்காதே என்றேன். குறித்துக்கொண்டாள்.

"சார், குறிப்புக் கட்டத்துக்குக் குறைஞ்சது ஐம்பது எழுத்துன்னு வைக்கப் போறோம். அதுக்குக் கீழ எழுதினா ஃபார்ம் ஏத்துக்காது. கதம் சார் மாதிரி யாரும் தப்பிக்க முடியாதுல்ல?"

"மேலே ஆயிரம்கூட வை. குறைஞ்சது மட்டும் ரெண்டுன்னு வை."

"ரெண்டு எழுத்துல என்ன சார் எழுத முடியும்?"

"ஒன்பது இடத்துல எழுதியிருக்கேன். போய்ப் படி" என்றேன்.